தோற்றவர் தொட்டி பார்க்க வேண்டும்

அப்பா வீட்டுப் பூட்டு சண்டித்தனம் செய்யும் என்று சின்னவள் எண்ணெய் பாட்டிலோடுதான் வந்திருந்தாள். இரண்டு சொட்டு விட்டதும் சமர்த்தாகத் திறந்துகொண்டது. உள்ளே மூடிக்கிடந்த துணிகளின் வாடையும் ஈரச் சுவரின் வாடையும். வெளியே மதியம் இரண்டு மணிக்கே மழை இருட்டு.

சின்னவள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். பிணவறை வழியாகப் போனால் கேன்டீன் பக்கம் என்று பதினாறு வருடமாக அந்தக் குறுக்கு வழியில் போய் டீ குடித்துவிட்டு வருகிறவள். முப்பத்தெட்டு வயதாகியும் அப்பாவுக்கு அவள் சின்னவள்தான். பெரியவன், அவள் அண்ணன், இறந்து இருபத்தாறு வருடமாகியும் அவளுக்குப் பெரியவளாகப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

முட்டி வலியால் அப்பா ஆறு மாதம் முன்பு அவளோடு வந்துவிட்டார். வரும் வாரம் இந்தப் பழைய வீடு கைமாறுகிறது. சாமான்களைப் பிரித்துக் கட்டுவதற்காக ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். காரணப் பெயர்தான். கிளம்பும்போது அப்பா ஒன்றே ஒன்று சொன்னார், மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகாதே என்று.

தரையைக் கழுவத் தண்ணீர் வேண்டியிருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு, சமையலறைப் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினாள். பாதி வேலையில் அந்தச் சத்தம் கேட்டது.

ஃபூ.

யாரோ வாயால் பலமாக ஊதினார்கள்.

கையிலிருந்த டம்ளரை அவள் கீழே வைத்தாள். கேசட்டுக்குள் ஊதும் சத்தம் அது. அந்தக் காலத்து வீடியோ கேமில் கேசட் சரியாக உட்காரவில்லையென்றால் அடிவாயில் ஒரு ஊது ஊதிச் செருகுவார்கள். அண்ணன் அதை ஒரு சடங்கு போலச் செய்வான். அடுத்த நிமிடம் சண்டை விளையாட்டின் பாட்டு ஆரம்பித்தது.

அண்ணனின் அறையை அப்பா அப்படியே வைத்திருந்தார். தடித்த பழைய டிவி, அதன் கீழே துணி மூடிய விளையாட்டுப் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக். இப்போது துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. டிவி முன்னால் வாலு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முதல் ஜாய்ஸ்டிக் அவள் மடியில் இருந்தது. இரண்டாவது, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காரும் தூரத்தில், வயர் இழுத்து வைக்கப்பட்டிருந்தது.

திரையில் வீரர்கள் வரிசையாக நின்றார்கள். வாலு ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி விரலை ஓட்டினாள். மேல், மேல், கீழ், இடது, மேல்.

டிங் என்றது பெட்டி.

சின்னவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தத் திருட்டு வித்தை தெரிந்தவள் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத் தோழியின் நோட்டிலிருந்து காப்பியடித்து, மனப்பாடம் செய்து, காகிதத்தைக் கிழித்துப் போட்டவள். அதை அழுத்தினால் எதிராளியின் தடுப்புப் பட்டன் செத்துப்போகும். அடி விழும், தடுக்க முடியாது. வெளியே தெரிகிற அடையாளம் ஒன்றே ஒன்று. தடுப்பு செத்த வீரனின் காலடியில் நிழல் இருக்காது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மோட்டார் ஓடும்போது தொட்டி நிரம்பிவிட்டதா என்று யாராவது மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இரும்பு ஏணியில் ஏறி, மூடியைத் தள்ளி, எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் சோம்பேறித்தனம். அதனால் ஒரு ஆட்டம் ஆடுவார்கள், தோற்றவர் தொட்டி பார்க்க வேண்டும். அண்ணன் தோற்றதே கிடையாது. மழை பெய்த ஒரு மதியம் மட்டும் தோற்றான். எழுந்து போகும்போது திரையை ஒரு மாதிரி பார்த்தான். "என்னமோ பண்ணிட்ட நீ. இரு, கண்டுபிடிக்கிறேன்" என்று சிரித்தான்.

ஏணி நனைந்திருந்தது. மூடி பெரிது, அதைத் தள்ளியவன் தொட்டிக்குள் விழுந்தான். கீழே அவள் அடுத்த ஆட்டத்தைத் தனியாக ஆடிக்கொண்டிருந்தாள்.

அவனாகவே ஏறினான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். இருபத்தாறு வருடமாக அதையேதான் சொல்கிறாள்.

"யாருடி உனக்கு இதச் சொல்லிக் குடுத்தா?"

"மாமாதான்" என்றாள் வாலு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரொம்ப நாள் தேடிக் கண்டுபிடிச்சாராம்."

சின்னவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், மேசை, டிவி. வேறு யாரும் இல்லை. ஆனால் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து தரையில் மெல்லப் பரவியது. பாசி பிடித்த தண்ணீரின் வாடை.

மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். வீட்டுக்குப் போகலாம் என்றாள். வாலு அடம்பிடிக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"நீ ஒரு ஆட்டம் ஆடணுமாம், அம்மா. தோத்தவங்க டேங்க் பாக்கணும். நீ ஆடலைன்னா நானே போறேன், மோட்டார் ஓடுதுல்ல" என்று அவள் மாடிப்படியைப் பார்த்து நடந்தாள்.

சின்னவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாலு திரும்பி வந்து முதல் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டதும், சின்னவள் இரண்டாவதைக் கையில் எடுத்தாள். சில்லென்று நனைந்திருந்தது.

தோற்க வேண்டும். தோற்றால் மேலே போகப்போவது தான், மகள் இல்லை. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஆனாலும் முதல் அடி வந்தபோது கை பழக்கத்தில் தடுப்புப் பட்டனை அமுக்கியது.

பட்டன் செத்துக் கிடந்தது.

அவளுடைய வீரனின் காலடியில் நிழல் இல்லை.

அடிக்கு மேல் அடி விழுந்தது. ஒன்றுகூட வீணாகவில்லை. மூலையில் தள்ளி, எழுந்திருக்க விட்டு, மறுபடி மூலையில் தள்ளும் அந்த ஆட்டம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

வாலு இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாய்ஸ்டிக் அவள் மடியில் தனியாகக் கிடந்தது. பட்டன்கள் அமுங்கி அமுங்கி எழுந்தன.

"நீ தோத்துட்டம்மா. போ."

அறை வாசலைத் தாண்டி வரக்கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த ஏணிக்கு எட்டுப் படி. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்து ஏறினாள். மூடி ஏற்கெனவே பாதி விலகியிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது, ஆனால் ஒரு சொட்டும் வழியவில்லை.

கறுத்த தண்ணீரைப் பார்த்து அவள் பேசினாள். இத்தனை வருடமும் தொண்டையில் கிடந்தது அழுகையோடு வந்தது.

"நான்தாண்ணா ஏமாத்தினேன். நீ தோக்கல. நான் போகவேண்டிய இடத்துக்கு உன்ன அனுப்பிட்டேன். அப்பாகிட்ட சொல்லிடறேன். இன்னைக்கே சொல்லிடறேன். என் பொண்ண விட்டுடு."

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

ஃபூ.

கீழே மோட்டார் தானாக நின்றது.

அவள் இறங்கி ஓடினாள். டிவி அணைந்திருந்தது. வாலு சொன்ன சொல் தவறாமல் அறை வாசலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். சாமானும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவளை வாரிக்கொண்டு தெருமுனைவரை வந்துதான் மூச்சுவிட்டாள். மழை நின்றிருந்தது. மேகம் பிரிந்து சாயங்கால மஞ்சள் வெயில் தொடங்கியது. மகளைக் கீழே இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நெஞ்சு லேசானது.

போன் அடித்தது. அப்பா.

வேலை முடிந்ததா, குழந்தை சாப்பிட்டதா என்று விசாரித்தார். தொட்டிப் பக்கம் போகவில்லையே என்று கேட்டார். அந்த வீட்டை நினைத்தால் அவர் கேட்கும் கேள்வியைத்தான் இப்போதும் கேட்டார்.

"அவன் எதுக்குத்தான் அன்னைக்கு அந்த மழையில ஏறினானோ. உனக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்காம்மா?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அவர் முட்டி வலியோடு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தாள். தன் முகத்தை அவர் இனி எப்படிப் பார்ப்பார் என்றும் நினைத்தாள். இன்று வேண்டாம், நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

"தெரியலப்பா" என்றாள். "நான் கேம் ஆடிட்டு இருந்தேன்."

போனை வைத்தாள்.

"மாமா ஒண்ணு தோத்தாரு, நீ ஒண்ணு தோத்த" என்றாள் வாலு, நடந்துகொண்டே. "மூணாவது ஆட்டத்துலதான் முடிவாம். அத என்கூட ஆடறாராம்."

சின்னவள் நின்றாள். முதுகில் வெயில் அடித்தது. ஈரச் சாலையில் அவளுடைய நிழல் நீளமாக விழுந்திருந்தது. மகளின் கை அவள் கைக்குள் சூடாக இருந்தது, விரல்கள் அசைந்தன.

சாலையில் ஒரே ஒரு நிழல்தான் இருந்தது. அது ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, வெறும் வெயிலைப் பிடித்துக்கொண்டு நின்றது.