ஒரு ஜோடி மெழுகுக் கைகள்

மல்லாந்து கிடக்கும்படி சாராள் தட்டில் வைத்துவிட்டுப் போன மெழுகுக் கைகள் இரண்டும், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கவிழ்ந்து கிடந்தன.

வெஸ்லின் தொட்டிருக்க மாட்டான். இரவு ஷிப்டு முடிந்து வந்த அவள் கணவன், ஜன்னலில் போர்வையை மாட்டிவிட்டு, உள்ளறையில் அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தான். ஓசூரை ஒட்டிய மத்திகிரியின் டிசம்பர் குளிர் முற்பகலிலும் தரையைவிட்டுப் போகாமல் பாதத்தில் ஏறியது; சமையலறையில் உருகிய மெழுகின் வாடையும், மாட்டுப்பண்ணைப் பக்கமிருந்து வந்த ஈரச் சாண வாடையும் கலந்து நின்றன.

பன்னிரண்டு வருடம் ஓசூரில் ஒரு தேவாலயத்தில் கீபோர்டு வாசித்தவள் சாராள். ஜூஜுவாடி வரை கல்யாண வரவேற்புகளுக்குக் கூப்பிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் மூட்டுவாதம் வந்தது. தீராது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார் டாக்டர். விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயின. இப்போது அவள் இடத்தில் ஃபெபா என்கிற கல்லூரிப் பெண் உட்காருகிறாள்.

தினமும் காலையில் வெஸ்லின்தான் சட்டியில் மெழுகை உருக்கி, சூடு பார்த்து, அவள் கைகளைப் பிடித்து முக்கி எடுப்பான். ஒவ்வொரு முக்குக்கும் ஒரு படலம் ஏறும். “இன்னொருக்கா முக்கு, பஜ்ஜி நல்லா உப்பட்டும்,” என்று சிரிக்க வைப்பான். கால் மணி நேரம் கழித்து, உறையைப்போல அதை உருவி மறுபடியும் சட்டியில் போட்டுவிட வேண்டும்.

நேற்றைய ஜோடியை மட்டும் சாராள் போடவில்லை. அவற்றில் விரல்கள் நேராக இருந்தன, அவளுடைய பழைய கைகளைப்போல. உருக்க மனம் வரவில்லை.

மோட்டார் போட இறங்கி வந்த வீட்டுக்காரம்மா சென்னம்மாள் வாசலில் நின்றாள். “ஏம்மா சாராளு, கை தேவலையா? காத்தால இருந்து வாசிச்சிட்டே இருந்தியே, கேக்க நல்லா இருந்துச்சு.”

காலையிலிருந்து ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தவள் சாராள். கதவைச் சாத்தினாள். கீபோர்டின் மேல் போட்டிருந்த துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. வெள்ளைக் கட்டைகளில் மெழுகுத் துகள்.

தட்டிலிருந்த மெழுகுக் கைகளை எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தன, யாரோ அப்போதுதான் உள்ளேயிருந்து கையை உருவிக்கொண்டதைப்போல. பயமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக இருந்தது ஆசை. மாட்டிக்கொண்டாள்.

வலி நின்றது. மூன்று வருட வலி, ஒரே நொடியில்.

அவள் வாசித்த சத்தத்தில் வெஸ்லின் எழுந்து வந்தான். லுங்கியை இழுத்துப் பிடித்தபடி நின்றவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தோளில் முகத்தைப் பதித்துக்கொண்டான். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. ஐந்தாவதில் அவள் நகக்கண்களிலிருந்து இரத்தம் மெழுகுக்குள் சிவப்பாகப் பரவியது.

“போதும், சாரா. நிறுத்து.”

“நான் வாசிக்கல, வெஸ்லின்.”

அவன் ப்ளக்கைப் பிடுங்கினான். ஓசை நின்றது. விரல்கள் நிற்கவில்லை. ஊமைக் கட்டைகளை அடித்தன. இரண்டு கட்டைகள் பெயர்ந்து தெறித்தன. அவன் ஒரு கையைப் பிடித்து மெழுகை இழுத்தான். மணிக்கட்டுத் தோல் அதோடு சேர்ந்து உரிந்தது. அவள் அலறிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

உருக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். மெழுகுச் சட்டி இருந்த அடுப்பை முழுதாகத் திறந்தாள். மெழுகு கொதித்துப் புகைந்தது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் முழங்கை வரை முக்கினாள்.

சதை வெந்த வாடை.

வெளியே எடுத்தாள். உருகவில்லை. இன்னொரு படலம் ஏறியிருந்தது. மறுபடி முக்கினாள். இன்னும் தடித்தது. நீண்டது. பளபளத்தது.

“சாரா, கையைக் குடு. என்கிட்ட குடு.”

அவன் கிட்டே வந்தான். எப்போதும்போல, அவள் கைகளைத் தன் கைகளில் ஏந்திக்கொள்ள.

“வராதே.”

கைகள் அவளை இழுத்துக்கொண்டு பாய்ந்தன. அவன் முதுகு சுவரில் மோதியது. பத்து விரல்களும் அவன் கழுத்தைத் தடவின. தேடின. ஓரிடத்தில் அழுத்தின.

அவன் தொண்டையிலிருந்து ஓசை வந்தது. ஒரு சுரம்.

விரல்கள் நின்றன. கேட்டன.

அடுத்த இடத்தில் அழுத்தின. எலும்பு நொறுங்கியது. இரண்டாவது சுரம்.

அவன் கண்கள் அவளையே பார்த்தன. கால்கள் தரையை உதைத்தன. பிறகு உதைக்கவில்லை.

ஓசை நிற்கவில்லை. செத்த வாய் தானாக அகலத் திறந்தது. மூன்றாவது சுரம், அதற்கு மேல் நான்காவது, பிசிறில்லாமல், அவள் இதுவரை வாசித்த எதையும்விட அழகாக.