கணியூர்ப் பார்வையாளர்

வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கணியூர் மட்டும் போகவில்லை.

தேஜஸ்ரீ கம்ப்யூட்டர் திரைக்கு முகத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். ஒவ்வொரு வரியிலும் மூன்று விவரம் இருக்கும். பார்த்தவர் எந்த ஊர், எப்போது வந்தார், எப்போது போனார். ஆம்ஸ்டர்டாம் வந்து போயிருந்தது. பெங்களூர் வந்து போயிருந்தது. கணியூர் என்ற வரியில் மட்டும் போன நேரம் காலியாகக் கிடந்தது. நேற்றும் அப்படித்தான் கிடந்தது, போன வாரமும் அப்படித்தான். ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒருத்தி இத்தனை நாளா உட்கார்ந்திருப்பாள்? ஒருத்தி என்று தேஜஸ்ரீ எப்போதோ முடிவு கட்டிவிட்டிருந்தாள்.

அது அவள் கணவன் சுரேந்தரின் இணையப் பக்கம். திருப்பூருக்குப் பனியன் ஆர்டர் கொடுக்க வந்த ஹாலந்துக்காரர் ஒருவர், ஊருக்குப் போகும்போது தன் பழைய ஜி.பி.எஸ். கருவியையும் அதோடு சேர்த்து ஒரு விளையாட்டுப் பைத்தியத்தையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கேயாவது ஒரு டப்பாவை ஒளித்துவைப்பது, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையதளத்தில் போடுவது, உலகத்தில் எவனோ ஒருவன் அதைப் படித்துவிட்டுத் தேடி வந்து மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டுப் போவது. இதுதான் விளையாட்டு! சுரேந்தர் தன் அம்மா பிறந்த ஊரான கணியூருக்குப் போனபோது, அமராவதி ஆற்று வளைவில் இருக்கும் இலுப்பை மரப் பொந்தில் ஒரு டப்பாவை வைத்துவிட்டு வந்தான். ஒரு ஈ காக்கைகூட அதைத் தேடிப் போகவில்லை. பக்கத்தை மட்டும் பார்த்தார்கள். எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு மீட்டரை ஒட்டிவைத்தான்.

அதோடு விட்டிருந்தால் அவளுக்கும் ஒன்றுமில்லை. அவன் அந்தக் கணியூருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தான். பக்கத்தின் அடியில், பொறுமையாக, அழகான வார்த்தைகளாகப் பொறுக்கி எழுதுவான். நீங்கள் யாரென்று தெரியாது, இருந்தாலும் யாரோ அங்கே இருக்கிறீர்கள் என்பதே மனதுக்குத் தெம்பாக இருக்கிறது என்று. தெம்பாம்! தாலி கட்டினவளிடம் சாவி எங்கே, சாப்பாடு ஆச்சா என்பதற்கு மேல் வாயைத் திறக்காத மனுசன். அவள் புதுச்சேலை கட்டி எதிரில் நின்றால், துணியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு நூலின் தரத்தைச் சொல்லுவான். அந்த வரிகளை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"ஏனுங்க, யாருங்க அது கணியூரு?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"தெரியாது."

"பாத்தாத் தெரியுமில்லீங்க?"

"ஆளு அடையாளத்த மறைச்சு வெக்கற மாதிரிதான் போட்டிருக்கறன். ஊரு தெரிஞ்சாப் போதும். அதுக்கு மேல நோண்டக் கூடாது கண்ணு. நம்மள நம்பித்தான வந்து பாக்கறாங்க?"

கண்ணு என்றானே தவிர, கண் திரையை விட்டு நகரவில்லை. யாரென்று அவனுக்குத் தெரியும், தெரிந்துதான் மறைக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கணியூரில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஞானாம்பாள் இருக்கிறாள், காங்கேயத்தில் கட்டிக்கொடுத்தும் பாதி நாள் அம்மா வீட்டிலேயே கிடப்பவள். தாய்மாமன் மகள், முறைப்பெண். சின்னதிலிருந்தே சுரேந்தருக்குத்தான் என்று பேசிவைத்து, ஜாதகம் சேராமல் கைவிட்டுப் போனவள். இவர்கள் கல்யாணத்தில் மணமேடைக்குப் பக்கத்திலேயே நின்று, மாமா மாமா என்று சிரித்தவள். அந்தச் சிரிப்பு இன்னும் தேஜஸ்ரீயின் காதை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு சுரேந்தர் படுத்தான். கீழ்த்தளம் முழுக்க அவர்களுடைய கட்டிங் செக்‌ஷன், மாடியில் குடித்தனம். வாரம் முழுக்கத் தரை வழியாக ஏறி வந்து பாத்திரங்களை அதிரவைக்கும் மெஷின் சத்தம் அன்றைக்கு இல்லை. அது இல்லாததாலேயே வீடு எதற்கோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல் இருந்தது. படிக்கட்டு வழியே புதுத்துணியின் மாவு வாசமும் மெஷின் ஆயில் வாசமும் கலந்து மெல்ல மேலே வந்துகொண்டிருந்தன. தேஜஸ்ரீ கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கல்லூரியில் படித்த படிப்பு இதற்காவது உதவட்டும். அடையாளத்தை மறை என்ற கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தாள்.

ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் பார்த்தவரின் கம்ப்யூட்டருக்கான நீளமான அடையாள எண்கள் வந்து நின்றன. கணியூருக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் வரவில்லை. 'கள்ளி! மறைக்கவும் கற்று வைத்திருக்கிறாளே' என்று பல்லைக் கடித்தாள்.

மறைந்திருந்து பார்ப்பவளை நேரில் வரவைத்தால் என்ன? ஜி.பி.எஸ். கருவியை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். கூரைக்கு அடியில் அதற்கு சிக்னல் எடுக்கவில்லை. மொட்டை மாடிக்குப் போனாள். வெயிலுக்கு ஒதுங்கித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றதும் எடுத்தது. ஒரு பழைய டிபன் பாக்ஸைத் தொட்டிக்கு அடியில் தள்ளிவைத்தாள். கீழே வந்து, கணவனின் பக்கத்தில் இலுப்பை மரத்தின் எண்களை அழித்துவிட்டுத் தன் வீட்டு எண்களைப் போட்டாள். அடியில் தமிழிலேயே எழுதினாள். 'டப்பா இடம் மாறிவிட்டது. வா.'

வந்து மொட்டை மாடியில் குனிந்து தேடட்டும். முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் புருசன் முன்னால் நிறுத்துகிறேன் என்று இருந்தது அவளுக்கு.

காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். கணியூர் என்ற வரியில் இப்போது உடுமலை என்று இருந்தது.

கிளம்பிவிட்டாளா! அதற்குள்ளா! சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம், அப்படி ஒரு வெறி ஏறியது. முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள். பல்லடம். உடுமலையிலிருந்து பல்லடத்துக்கு எந்த பஸ்ஸும் அவ்வளவு சீக்கிரம் வராது. சரி, காரில் வருகிறாள். காரில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தை எப்படித் திறந்துவைத்திருக்கிறாள்? அந்தக் கேள்வி ஓர் ஓரத்தில் எழுந்தது. அதை அவள் அமுக்கிவிட்டு, சுரேந்தரின் செல்போனை எடுத்தாள். ஞானாம்பாள் எண் அதில் இருந்தது. இருக்கத்தானே செய்யும்!

"எங்க வந்துட்டிருக்கற ஞானாம்பா?"

"அக்காங்களா? நானுங்க காங்கேயத்துல எங்கூட்ல இருக்கறனுங்க." பின்னால் எண்ணெய் மில் ஓடும் சத்தம். குழந்தை ஒன்று வீறிட்டது. "இருங்க்கா, பாப்பாளுக்குப் பல்லு மொளைக்குதுங்க, ஒரே அழுகை. என்னுங்க்கா?"

"பொய் சொல்லாத. கம்ப்யூட்டர்ல தெனமும் எங்க ஊட்டுக்காரரு பக்கத்தப் பாக்கறது நீதான?"

"ஐயோ, எனக்கு அதத் தொடவே தெரியாதுங்க்கா. என்ன பக்கமுங்க?"

தேஜஸ்ரீ டப்பாவைப் பற்றிச் சொன்னாள். இலுப்பை மரம் என்றதும் ஞானாம்பாள் இடைமறித்தாள்.

"ஆத்து வளைவுலீங்களா? மாமாவுக்கு எங்க கணியூருப் பழக்கம் தெரியாது பாருங்க. சரி, வெச்சா வெச்சுட்டுப் போறாரு. யாரையும் வான்னு மட்டும் கூப்படாம இருந்தாச் சரிங்க. அந்த வளைவுல நாங்க நாயக்கூட வான்னு சொல்ல மாட்டமுங்க. கையக் காட்டிக் கூப்படறதோட சரி."

"கூப்பிட்டா?"

"கூப்பிட்டவங்க யாரு இருக்கறாங்க, கேட்டுச் சொல்றதுக்கு?" என்று சிரித்தாள் ஞானாம்பாள். அதே சிரிப்பு. அதில் ஒன்றுமில்லை. அது வெறும் சிரிப்பு. கல்யாணத்தன்றும் அது வெறும் சிரிப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் யார்?

திரையில் வீரபாண்டி என்று மாறியிருந்தது. வீரபாண்டியிலிருந்து இங்கே எவ்வளவு தூரம்? தேஜஸ்ரீ விசைப்பலகையைக் கிட்டத்தில் இழுத்தாள். எழுதியதை அழிக்க வேண்டும், பழைய எண்களைப் போட வேண்டும். சுரேந்தரை எழுப்பலாம். எழுப்பி என்னவென்று சொல்வது? உங்களைச் சந்தேகப்பட்டு நோண்டினேன் என்றா? அதைச் சொல்ல அந்த நிமிஷத்திலும் நாக்கு எழவில்லை. 'வா' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கரண்ட் போய்விட்டது.

சாயங்கால மின்வெட்டு. மோடத்தின் விளக்கு அணைந்தது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. யு.பி.எஸ். மட்டும் கீக், கீக் என்று கத்திக்கொண்டிருக்க, இணைப்பே இல்லாத அந்தத் திரையில் வீரபாண்டி அழிந்து திருப்பூர் என்று வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இத்தனை நாளும் காலியாகக் கிடந்த போன நேரம் நிரம்பியது. அது இந்த நிமிஷத்தின் நேரம்.

பக்கத்தை மூடிவிட்டது. இனி பார்க்க வேண்டியதில்லை அதற்கு.

யு.பி.எஸ். கத்தி ஓய்ந்தது. திரை இருண்டது. ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சம் சாம்பல் நிறத்தில் தரையில் கிடந்தது. கீழே கட்டிங் செக்‌ஷனில், வெளியே பூட்டுப் போட்டிருந்த ஷட்டருக்கு உள்பக்கம், துணி பேல் மூட்டைகளின் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. ஒரு பேலிலிருந்து அடுத்த பேலுக்கு. யாரோ தடவித் தடவி வருகிற சத்தம். பிறகு வாசம் வந்தது. மாவு வாசத்தையும் ஆயில் வாசத்தையும் தள்ளிக்கொண்டு, ஆற்றுச் சேறும் அழுகின இலுப்பைப் பூவும் சேர்ந்த தித்திப்பு. அடித்தொண்டையில் ஒட்டியது.

டப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் தொலையட்டும் என்று நினைத்தாள். மொட்டை மாடிக்கு ஓடிப்போய் அங்கிருந்த கதவை விரியத் திறந்துவிட்டு, அதன் பின்னால் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டாள். வழியை விட்டாகிவிட்டது. வரட்டும், எடுக்கட்டும், போகட்டும்.

படியில் காலடி ஏறியது. ஈரக்கால். ஒரு படி. நின்றது. ஒரு படி.

குடித்தனத் தளத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு மடிப்பு ஏறினால் மொட்டை மாடி. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை?

கீழே தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவள் வீட்டுத் தாழ்ப்பாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் அவள் போட்டது இரண்டே எண்கள். வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு. உயரம் அதில் கிடையாது. மொட்டை மாடியா, மாடி வீடா, தரையா, அதற்குத் தெரியாது. தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே என்ன இருக்கிறது?

படுக்கையறை. கட்டில். சுரேந்தர்.

"ஏனுங்க!" என்று கத்தினாள். படிகளில் விழுந்து எழுந்து ஓடினாள். பாதத்தில் சேறு வழுக்கியது. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது.

சுரேந்தர் மல்லாந்து படுத்திருந்தான். கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. முதுகு மட்டும் தெரிந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டி மெத்தை ஊறிக்கொண்டிருந்தது. அதன் கைகள் அவன் மேல் பொறுமையாக நகர்ந்தன. நெற்றியின் ஓரம், காதின் பின்புறம், விலா எலும்புகளின் இடுக்கு. தேடி வந்த டப்பாவுக்கு எங்கே மூடி என்று தேடிக்கொண்டிருந்தன. நீளமான, ஊறி வெளுத்த விரல்கள்.

சுரேந்தர் தூக்கத்தில் சிரித்தான். "வந்துட்டியா?" என்றான். அந்தக் குரலில் அப்படி ஒரு பிரியத்தை அவள் இதுவரை கேட்டதில்லை.

விரல்கள் அவன் உதட்டில் வந்து நின்றன. கிடைத்துவிட்டது.

முதலில் விரல்கள் உள்ளே போயின. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. தேஜஸ்ரீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு நல்ல வார்த்தைக்குக்கூடத் திறக்காத அந்த வாய், அகலமாக, இன்னும் அகலமாக, அதற்குத் திறந்து கொடுத்தது.