கடித்து வைத்த ரொட்டி

நடைவழியில், சுவரோரமாக, ரொட்டித் துகள்கள் கிடந்தன.

காலுறையோடு மிதித்த பிறகுதான் ஒராஸ் கவனித்தான். ஒரு வருடமாகத் தொங்கிக் கல்லாகிப்போன ரொட்டியிலிருந்து துகள் உதிர்ந்தால் மணல் மாதிரி நறநறக்க வேண்டும். இவை காலுறையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டன. நிமிர்ந்து பார்த்தான். வரிசையாக அடித்த ஆணிகளில் நான்கு வெள்ளைத் துணிப்பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட ரொட்டி, ஒவ்வொரு ரொட்டியிலும் இந்த வீட்டு ஆள் ஒருவர் கடித்த கடி. அவற்றுக்குக் கீழே, கதவை ஒட்டி, மூன்று முதுகுப்பைகள் கிளம்பத் தயாராக நின்றன. அவனுக்கு, மனைவி மக்பாலுக்கு, ஆறு வயது மகள் இன்காருக்கு. நான்காவது ரொட்டியைக் கடித்த அவன் அப்பா தொக்தார் போன குளிர்காலத்திலிருந்து அல்மாட்டிக்கு வெளியே, மலையடிவார இடுகாட்டில் இருக்கிறார். அவருக்கு முதுகுப்பை தேவைப்படாது என்பது வீட்டாரின் கணிப்பு.

"எலி வந்திருக்கு," என்றான் ஒராஸ்.

"நாலாவது மாடிக்கு எப்படிங்க வரும், லிஃப்ட்லயா?" சமையலறையிலிருந்து மக்பால் கேட்டாள். "லிஃப்ட் நின்னு எத்தனை மாசம் ஆச்சு. ஏறி வந்தா எலிக்கே மூச்சு வாங்கும்."

இதை ஆயத்தமான வீடாக ஆக்கியது ஒராஸ்தான். நிலநடுக்கம் மாதிரியான நெருக்கடிக்குக் குடும்பத்தைத் தயார்செய்யும் பயிற்சி ஒன்றில் கைபேசி வழியாகச் சேர்ந்திருந்தான். நடத்தியவர் துபாயில் இருந்தார். ஆடாத நிலத்தில் உட்கார்ந்து ஆடுகிற நிலத்தைப் பற்றிப் பேசியதால் அவர் குரலில் எப்போதும் ஒரு நிதானம் இருந்தது. முதலில் பொருள்: தண்ணீர், டப்பா இறைச்சி, டார்ச், விசில். அடுத்தது மனம்: தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு, கூரை தலைமேல் இறங்குவதைக் கற்பனை செய்து புன்னகைக்க வேண்டும். மக்பால் பல் தேய்க்கும்போதே அதையும் முடித்துவிடுவாள். கடைசியாக ஆன்மா. வேர்களுக்குத் திரும்புங்கள் என்றார் துபாய்க்காரர். எந்த வேர் என்று அவர் சொல்லவில்லை. ஒராஸ் யோசித்து யோசித்து ரொட்டியைப் பிடித்தான்.

அது பழைய வழக்கம்: போருக்குப் போகிற பிள்ளை ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தைத் தொங்கவிட்டு வீடு காத்திருக்கும். அவனே வந்து தின்று முடிக்க வேண்டும், அதற்காகவாவது வந்துவிடுவான். ஒராஸ் ஆளுக்கொரு ரொட்டி வாங்கிவந்து எல்லோரையும் கடிக்கச் சொன்னான். பக்கவாதத்தில் இடக்கை, இடக்கால் விழுந்து பின்னறையில் கிடந்த தொக்தார், நீட்டிய ரொட்டியையும் மகனையும் மாறிமாறிப் பார்த்தார்.

"போறவன் கடிக்கிறதுடா இது. நான் எங்கடா போகப்போறேன்? கக்கூஸுக்கே உன் முதுகுல ஏறித்தான் போறேன்."

"எல்லாரும் கடிக்கணும்ப்பா. ஒருத்தரையும் விடக் கூடாது."

"சரி, குடு." கடித்தார். மேலே முன்பல் ஒன்று இல்லாததால், கடித்த இடத்தின் நடுவில் நாக்கு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டு நின்றது. "கடிச்சுட்டேன். முடிக்காம விட மாட்டேன். இதையும் உன் வாத்தியார்கிட்ட சொல்லிடு."

இப்போது அந்தப் பையை அவிழ்த்துப் பார்த்தபோது ஒராஸுக்கு முதலில் கடியின் அளவுதான் உறுத்தியது. முன்பு ஒரு வாய்தான் குறைந்திருந்தது. இப்போது அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதன் நடுவிலும் ஒரு நாக்கு.

எலிக்கும் பல் விழும் என்று சொல்லிக்கொண்டு பையைக் கட்டினான். முடிச்சு சரியாக விழவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. செத்தவர்களுக்காக மக்பால் பொரித்த மெல்லிய அப்பங்களின் எண்ணெய் மணம் வீடு முழுக்கப் பரவி, திரைச்சீலையில் ஏறி, பூட்டியிருந்த அலமாரிக்குள்ளும் போய் உட்கார்ந்திருந்தது. தட்டை மேசையில் வைத்தபடி அவள் வழக்கமான பேச்சை ஆரம்பித்தாள்.

"முல்லா சொன்னது ஞாபகம் இருக்கா? கடிச்சவர் செத்துட்டா மீதியை மகன்தான் தின்னு முடிக்கணுமாம். ஒரு வருஷமா தொங்கவிட்டிருக்கீங்க. ஊருக்கெல்லாம் விசில் ஊதக் கத்துக்குடுக்கிறீங்க, ஒரு ரொட்டிய முழுங்கத் தெரியல."

"முழுங்கறேன்."

"அம்மா, என் கட்டில்ல ரொட்டித்தூள் குத்துது," என்றாள் இன்கார். தாத்தா போன பிறகு பின்னறையும் அந்தக் கட்டிலும் அவளுடையவை.

"படுத்துட்டு பிஸ்கட் தின்னா குத்தத்தான் செய்யும்."

"நான் திங்கல."

ஒராஸ் அப்பத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

அந்த ரொட்டியை அவன் ஏன் வாயில் வைக்கவில்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும். போன குளிர்காலத்தில், விடியப்போகும் நேரத்தில் நிலம் ஆடியது. மக்பாலும் குழந்தையும் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் அவனும் அப்பாவும் மட்டும். கூரையில் தொங்கிய சர விளக்கு சுவரில் மோதி மோதிக் கிணுகிணுக்க, பின்னறையிலிருந்து அப்பா கூப்பிட்டார்: "ஒராஸ், தூக்குடா." ஒராஸ் தூக்கினான். கதவருகே இருந்த முதுகுப்பையை. பயிற்சி வீணாகவில்லை, நான்கு மாடியையும் அவன் இறங்கியது அவனுக்கே தெரியவில்லை. கீழே பனியில் நைட்டியோடு நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு பையிலிருந்த, குளிர் தாங்கும் மினுக்குத்தாள் போர்வைகளைக் கொடுத்தான், பிஸ்கட் கொடுத்தான். முதல் மாடி வாலெண்டினா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை மாதிரி ஒரு ஆம்பளை இந்தக் கட்டடத்துல இல்ல தம்பி," என்று அழுதாள்.

கட்டடத்தில் ஒரு கோப்பைகூட உடையவில்லை. அவன் திரும்பிப் போனபோது அப்பா கட்டிலிலிருந்து விழுந்து, வாசல் பக்கமாகக் கொஞ்ச தூரம் வந்திருந்தார். ஒற்றைக் கையால் அவ்வளவு தூரம் வர முடியும் என்று ஒராஸ் நினைத்ததே இல்லை. வாய் திறந்திருந்தது. அப்போதுதான் அவரைத் தூக்கினான். கட்டிலில் கிடத்தி, வாயை மூடி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, எல்லோருக்கும் சொன்னான்: தூக்கத்துலயே போயிட்டார், நடுக்கத்துக்கு முன்னாடியே. கொடுத்துவைத்த சாவு என்றார்கள். வசந்தத்தில் கட்டடத்துக்காரர்கள் கூடி, ஒராஸையே ஆயத்தக் குழுவின் தலைவனாக்கினார்கள்.

எலிப்பொறியில் ஆட்டுக்கொழுப்பு வைத்தான். கொழுப்பு அப்படியே இருந்தது. ரொட்டி குறைந்தது.

மாலைகளில் சத்தமும் வந்தது. ஊரெல்லாம் நிலக்கரிப் புகை இறங்கி, ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடமே தெரியாமல் போகிற வேளையில், வெந்நீர்க் குழாய்களின் முனகலுக்கும் மேல்வீட்டு நாற்காலி இழுபடும் ஓசைக்கும் நடுவே, பற்கள் போதாத ஒரு வாய் கடினமான எதையோ ஓரமாக ஒதுக்கி, ஊறவைத்து, உறிஞ்சி, மெதுவாக மென்றுகொண்டிருப்பதைப் போன்ற சத்தம். அவன் எழுந்தால் நின்றுவிடும். நடைவழியில் போய்ப் பையைத் தொட்டால் துணி ஈரமாக இருக்கும். முகர்ந்தால் உப்புப் போட்ட பால் தேநீர். அப்பா அப்படித்தான் சாப்பிடுவார், தேநீரில் முக்கி முக்கி. அவர் இருந்தவரை தினமும் காலையில் மக்பால் கோப்பையோடு அறை வாசலில் நின்று, மாமனாருக்கு மருமகள் செய்ய வேண்டிய முறைப்படி முழங்காலை மடக்கி வணங்குவாள். அவர் வாயில் ரொட்டியோடு, "நூறு வயசு இரும்மா," என்பார். துகள்கள் போர்வையில் தெறிக்கும்.

ஒரு சாயங்காலம் ஒராஸ் பையை ஆணியிலிருந்து கழற்றி, கோட்டுக்குள் மறைத்துக் கீழே கொண்டுபோனான். ரொட்டியை யாரும் குப்பையில் போடுவதில்லை. பையில் கட்டிக் குப்பைத்தொட்டியின் ஓரத்தில் மாட்டிவிட்டால், மாடு வைத்திருப்பவர் யாராவது எடுத்துப்போவார்கள். மாட்டினான். படியேறும்போது, வெட்கமாக இருந்தாலும், விசிலடிக்கத் தோன்றியது.

மறுநாள் பை ஆணியில் தொங்கியது.

"நான்தான் எடுத்துட்டு வந்தேன்," என்றாள் மக்பால். "மாமா ரொட்டியைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டில மாட்டுவீங்களா? முக்கால்வாசி தின்னாச்சு, மீதியைத் தின்ன என்ன கேடு?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. சாயங்காலத்துல சத்தம் கேக்கத்தான் செய்யுது. ஒளிஞ்சு திங்கிறதுல என்னங்க வெக்கம்? அப்பாவுக்குச் செய்யிறீங்க. நல்ல புள்ளை."

அவன் வாயைத் திறந்தான். சொல்ல இரண்டே விஷயங்கள் இருந்தன. நான் தின்னவில்லை என்றால், யார் என்று கேட்பாள். யார் என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள்.

"ஆமா," என்றான். "கொஞ்சம்தான் இருக்கு."

உள்ளங்கையளவு இருந்தது.

அதன்பிறகு ஒராஸ் தனக்கென்று ஒரு பயிற்சி வைத்துக்கொண்டான். துபாய்க்காரர் அதைச் சொல்லித் தரவில்லை. காலையில் கண்ணை மூடி, நிலம் ஆடுவதைக் கற்பனை செய்வான். கதவுக்குப் போகாமல் பின்னறைக்குத் திரும்புவான். கட்டிலில் இருக்கும் குழந்தையை முதுகில் போட்டுக்கொண்டு இறங்குவான். இந்த முறை திரும்ப வேண்டும். ஒரே ஒருமுறை திரும்பிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. குடும்பத்துக்கும் அறிவித்தான்: பை மக்பாலுக்கு, இன்கார் எனக்கு.

பிப்ரவரியில் இன்காருக்குக் காய்ச்சல். அன்று சாயங்காலம் பின்னறையில் போர்வைக்குள் சுருண்டு தூங்கினாள். ஒராஸ் பால்கனியில் குனிந்து, உறைந்துபோன தண்ணீர் கேன்களை உள்ளே நகர்த்திக்கொண்டிருந்தான். மக்பால் கதவருகிலிருந்து ஏதோ கத்தினாள். "கடைக்கு" என்பது மட்டும் காதில் விழுந்தது. கதவு சாத்தும் சத்தம்.

கேன்களில் பனிக்கட்டி கிளுக் என்றது.

நகர்த்தாமலே.

பிறகு தரைக்கு அடியில் ஒரு லாரி போனது. அது போய்க்கொண்டே இருந்தது. விளக்கு அணைந்தது. எதிர்க்கட்டடம், தெரு, ஊர், வரிசையாக எல்லாம் அணைந்தன. சர விளக்கு சுவரில் மோதியது. ஒராஸின் கால்கள் அவனைக் கேட்காமல் நடைவழிக்குப் போயின. கை முதுகுப்பையின் வாரைப் பிடித்திருந்தது.

பின்னறையிலிருந்து சன்னமாக ஒரு குரல்.

"தூக்கு."

வாரை விட்டான். திரும்பினான். திரும்பிவிட்டேன், திரும்பிவிட்டேன் என்று அவனுக்குள் ஒன்று கத்தியது; கண்ணில் நீர் வந்தது. இருட்டில் கட்டிலைத் தடவினான். போர்வைக்குள் சுருண்ட உடம்பு. போர்வையோடு வாரி முதுகில் போட்டுக்கொண்டான். ஒரு கை அவன் கழுத்தைச் சுற்றி இறுகியது.

"பயப்படாதடா தங்கம். அப்பா இருக்கேன்."

நடைவழியில் ஓடும்போது முதுகிலிருந்த உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. சுவரை நோக்கி. ஆணி கிறீச்சிட்டது.

படிக்கட்டு. கும்மிருட்டு. கீழே கதவுகள், காலடிகள், யாரோ சாமியைக் கூப்பிடும் குரல். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கியது. குழந்தை இவ்வளவு கனமா? காய்ச்சலில் உடம்பு கனக்கும். கனக்கும்தான். இன்னொரு கை பிடிக்காமல் தொங்கி, ஒவ்வொரு படிக்கும் அவன் நெஞ்சில் தொப், தொப் என்று மோதியது.

இடக்கை.

காய்ச்சலில் சோர்ந்திருப்பாள்.

இரண்டாவது மாடி. காதுக்குப் பக்கத்தில் சத்தம். ஒதுக்கி. ஊறவைத்து. உறிஞ்சி.

"இன்கார்?" என்றான். "என்னடா திங்கிற?"

மெல்லும் சத்தம் நிற்கவில்லை. சட்டைக் காலருக்குள் ஏதோ விழுந்தது. வெதுவெதுப்பாக. ஈரமாக. பால் தேநீர் வாடை.

இறக்க நினைத்தான். கழுத்துப் பிடி இறுகியது. கால்கள் மட்டும் இறங்கின. இந்த முதுகுக்கு இந்தக் கனம் தெரியும். கக்கூஸுக்குப் போகும் வழியெல்லாம் தெரியும்.

முற்றத்தில் பனி வெளிச்சம். நிலம் ஓய்ந்திருந்தது. ஜனங்கள் மரத்தடியில் ஒண்டி நின்றார்கள். வாலெண்டினா அவனைக் கண்டுகொண்டாள்.

"வந்துட்டார்! பாருங்க, இந்தத் தடவையும் யாரையோ காப்பாத்தி..."

டார்ச் வெளிச்சம் அவன் முகத்தில் பட்டு, தோளுக்கு மேலே ஏறியது. அங்கேயே நின்றது. அணைந்தது.

மரத்தடியில் மக்பால் நின்றிருந்தாள். ஒரு கையில் பால் பாக்கெட். இன்னொரு கையில் குளிர்கோட்டும் தொப்பியும் போட்ட இன்கார்.

"அழுதா, கூட்டிட்டுப் போறேன்னு கத்தினேனேங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அவள் பார்வை ஒராஸின் முகத்தில் இல்லை. அதற்குச் சற்று மேலே இருந்தது. மெதுவாகக் குழந்தையைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"மாமா," என்றாள்.

பால் பாக்கெட் பனியில் விழுந்தது. பிறகு, எத்தனையோ காலைகளில் செய்து செய்து உடம்பில் ஊறிப்போன பழக்கத்தில், அவள் முழங்கால் மடங்கியது.

காதருகே மெல்லும் சத்தம் நின்றது. விழுங்கும் சத்தம் கேட்டது.

"நூறு வயசு இரும்மா."