மூல அலை

வளையத்துக்குள் வந்து நின்ற நாய்களில், கடைசியாக நின்ற ஒன்றைத் தவிர, எதைப் பார்த்தாலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. காதுகளின் கூர்மை, முதுகின்மேல் சுருண்டு விழுந்த வாலின் வளைவு, கழுத்தைச் சுற்றிய பிடரி மயிரின் அடர்த்தி எல்லாம் ஒரே அச்சு. கருவிலேயே தேர்ந்தெடுத்துப் பிறக்கவைக்கும் வழக்கம் வந்தபிறகு லாப்ஹண்ட் இனத்தில் குறையுள்ள உடம்பு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. அதனால் உடம்புக்கு மதிப்பெண் போடுவதை நாய்க்காட்சிச் சங்கம் நிறுத்திவிட்டது. இப்போது மனதுக்குத்தான் மதிப்பெண்.

ஒவ்வொரு நாயின் கழுத்திலும் விரலகலத்தில் ஒரு பட்டை இருந்தது. அதன் பெயர் அலைமானி. நாய்க்குள் ஓடும் பயம், பதற்றம், ஆசை, அலுப்பு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரே கோடாக்கி, வளையத்தின் ஓரத்தில் நிறுத்தியிருந்த திரைக்கு அது அனுப்பும். கோடு எவ்வளவு நேராகப் போகிறதோ அவ்வளவு நல்ல நாய். நடுவரின் மணிக்கட்டிலும் ஒரு பட்டை உண்டு. அவர் மனம் யார் பக்கமாவது சாய்ந்தாலோ கலங்கினாலோ கோடு எல்லையைத் தாண்டிவிடும், அவர் தீர்ப்பு செல்லாது.

நடுவர் அம்சவேணியின் கோடு ஒருமுறையும் தாண்டியதில்லை.

ஊட்டியில் மே மாதத்துச் சாரல் பிடித்திருந்தது. வளையத்தின்மேல் கட்டியிருந்த தார்ப்பாயில் நீர் தேங்கித் தொங்கியது. அம்சவேணி முதல் நாயின் முன் குனிந்து, பிடரிக்குள் விரல்களை விட்டு, விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தாள். இப்போதெல்லாம் எந்த நடுவரும் நாயைத் தொடுவதில்லை. திரையைப் பார்த்தால் போதும். அவள் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. கால்நடை மருத்துவராக முப்பது வருடம் இருந்த கை, தொடாமல் எதையும் நம்ப மறுத்தது. வளையத்தைக் கவனித்துக்கொள்ளும் யேசுதியான் இதைப் பார்த்து, மேடம் இன்னும் சந்தையில் கத்திரிக்காய் வாங்குகிற மாதிரிதான் பார்க்கிறார் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

கைக்குக் கிடைத்ததெல்லாம் வெதுவெதுப்பும் சீரான மூச்சும்தான். நாய் அவளைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. திரையில் அதன் கோடு, மேசை விளிம்பைப் போல நேராக இருந்தது.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். அது அவளுடைய கோடு.

அலைமானி புதிதாக வந்த காலத்தில், முழு அமைதி என்றால் என்ன என்று அந்தக் கருவிக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. தியானத்தில் ஊறியவர்களைக்கூட உட்காரவைத்துப் பார்த்தார்களாம். யாருடைய கோடும் போதுமான அளவு நேராக இல்லை. அப்போதுதான் பெங்களூரில் நடந்த ஒரு காட்சியில் அம்சவேணியின் பட்டை வரைந்த கோடு அவர்களுக்குக் கிடைத்தது. வளையத்தின் நடுவில் அவள் நின்றிருக்கும்போது ஒருவர் வந்து காதோரம் குனிந்து, அவளுடைய தங்கை சாலை விபத்தில் இறந்துவிட்டாள் என்று சொன்னார். அம்சவேணி தலையசைத்தாள். மிச்சமிருந்த நாய்களைப் பார்த்து முடித்து, பரிசுகளைக் கொடுத்து, கைகுலுக்கிவிட்டுத்தான் காரில் ஏறினாள். கோட்டில் ஒரு முடிச்சுகூட விழவில்லை. இப்படியும் ஒரு மனிதரா என்று வியந்தார்கள். அந்தக் கோட்டுக்கு ‘மூல அலை’ என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு நாட்டில் பிறந்த ஒவ்வொரு லாப்ஹண்டும் அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. மனிதருக்கும் நாய்க்கும் அலைமானி வரைவது ஒரே மாதிரிக் கோடுதானே.

அழுகை வரும் என்று அவள் சில மாதங்கள் காத்திருந்தாள், வராத விருந்தாளிக்குச் சமைத்து மூடி வைத்ததைப் போல. பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டாள். தனக்குள் இருப்பது அமைதிதான் என்று நம்புவது எளிதாக இருந்தது. கருவியே அப்படித்தானே சொல்கிறது.

வரிசையில் கடைசியாக நின்றது மிளகு. கரிய உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு பழுப்புப் புள்ளிகள், ஒரு காது மட்டும் சற்றே சாய்வு. கருத்தேர்வு இல்லாமல் பிறந்த லாப்ஹண்ட் இனி நாட்டில் இது ஒன்றுதான். குன்னூரில் பல் மருத்துவராக இருக்கும் ஜெசிந்தா அதை வளர்த்தாள். கடந்த இரண்டு வருடமும் மிளகின் கோடு குதித்துக் குதித்துத் தோற்றுப்போயிருந்தது. மூன்றாவது முறையும் தோற்றால் இனப்பதிவிலிருந்து நீக்கிக் கருத்தடை செய்துவிடுவார்கள். அதோடு அந்த வழி முடிந்தது. ஜெசிந்தா அதன் கழுத்துக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

பக்கத்தில் நின்றவர் கோயம்புத்தூர் சபாபதி. மூன்று நாய்கள் கொண்டுவந்திருந்தார், மூன்றும் தேர்வாகும் என்று அவருக்குத் தெரியும்.

“ஏனுங்க டாக்டரம்மா, போன வருசமும் இதே கதைதானுங்களே. பல்லு புடுங்கறதோட நிறுத்திக்கலாமில்லீங்க?”

“உங்க நாய்ங்களுக்குப் பல்லு இருக்கான்னு முதல்ல பாருங்க சார்,” என்றாள் ஜெசிந்தா. “அதுங்க வாயத் திறந்து நான் பாத்ததே இல்ல.”

அம்சவேணி மிளகின் முன் குனிந்தாள். அது அவள் கையை முகர்ந்தது, முகத்தைப் பார்த்தது, மறுபடி கையை முகர்ந்தது. திரையில் கோடு அதற்கேற்ப ஏறி இறங்கியது. அவள் பிடரி மயிருக்குள் கையை நுழைத்து மார்பெலும்பின்மேல் வைத்தாள். உள்ளங்கைக்குக் கீழே இதயம் அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தார்ப்பாய் காற்றில் உதறி, தேங்கிய நீரையெல்லாம் யேசுதியான் தலையில் கொட்டியது. பரிசுக் கோப்பைகளை அடுக்கி அவர் தூக்கி வந்த பெரிய எவர்சில்வர் தட்டு கைநழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று ஓலமிட்டது.

மற்ற நாய்களில் ஒரு காதுகூட அசையவில்லை. மிளகு பின்னால் துள்ளியது. அந்தத் துள்ளல் அம்சவேணியின் உள்ளங்கை வழியாக முழங்கைக்கும் அங்கிருந்து நெஞ்சுக்கும் ஏறியது. அவளும் துள்ளினாள். வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடையது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மிளகு அதற்குள் கழுத்தை நீட்டி, ஓரடி ஓரடியாக நடந்து, இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த தட்டை முகர்ந்துவிட்டு, திரும்பிவந்து அவள் முன் அமர்ந்திருந்தது.

இளம் நடுவராக இருந்தபோது படித்தது அவளுக்கு நினைவு வந்தது. பனிப்பிரதேசத்தில் கலைமான் மந்தைகளை மேய்க்க உண்டான இனம் இது. மான் திடீரென்று கொம்பைத் திருப்பும். அஞ்சாத நாய் குத்துப்பட்டுச் சாகும். அஞ்சி ஓடிப்போகிற நாய் மந்தையை இழக்கும். அஞ்ச வேண்டும், அஞ்சியதும் திரும்பி வர வேண்டும். அந்தக் காலத்தில் இந்த இனத்துக்கு இதுதான் முதல் இலக்கணம்.

திரையில் இரண்டு கோடுகள் சிவந்திருந்தன. சங்கச் செயலாளர் பெள்ளிராஜ் குடையோடு வளையத்துக்குள் வந்தார். மேடம் இன்று தீர்ப்புச் சொல்ல முடியாது, அவர் கோடே எல்லை தாண்டிவிட்டது, நாயும் தாண்டிவிட்டது, ஆகவே நீக்கம்தான் என்று மெதுவாக, வருத்தத்தோடு சொன்னார். ஜெசிந்தா கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

“ரெண்டு கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போடுங்க,” என்றாள் அம்சவேணி.

போட்டார்கள். ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். ஒன்றின் நிழல் போல மற்றது.

“விதிப்படி நாயோட கோட்டை எதோட ஒப்பிடணும், பெள்ளிராஜ்?”

“மூல அலையோட. அதாவது உங்க கோட்டோட.”

“இதுவும் என் கோடுதான்.”

“மேடம், அது வேற. அன்னிக்கு நீங்க அவ்வளவு அமைதியா…”

“அன்னிக்கு எனக்கு எதுவும் கேக்கல,” என்றாள் அவள். “என் தங்கச்சி செத்துட்டான்னு ஒருத்தர் சொன்னார். அவர் வாய் அசைஞ்சது தெரிஞ்சுது. அவ்வளவுதான். அதுக்கு அமைதின்னு பேர் வச்சது நீங்க. நானும் வேணாம்னு சொல்லல.”

சபாபதி தன் மூன்று நாய்களையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார், முதல்முறை பார்ப்பதைப் போல.

அன்று மாலை அம்சவேணி விடுதி அறையிலிருந்து தங்கையின் மகளைத் தொலைபேசியில் அழைத்தாள். பேச முடியவில்லை. அந்தப் பெண் மறுமுனையில் பெரியம்மா, பெரியம்மா என்று கூப்பிட்டபடி, அவள் அழுது முடிக்கும்வரை வைக்காமல் இருந்தாள்.

சங்கம் பல நாள் கூடிப் பேசி மூல அலையை மாற்றியது. ஊட்டியில் அவளும் மிளகும் சேர்ந்து வரைந்த கோடுதான் இனி அளவு. துள்ளி, மீள வேண்டும். மிளகுக்கு ஒரு வருடத் தவணை கிடைத்தது. அடுத்த காட்சியில் புதிய அளவின்படி தேறினால் இனப்பதிவில் இருக்கும், தவறினால் பழைய உத்தரவே நடக்கும்.

அடுத்த மே மாதம் வந்தபோது அந்த எவர்சில்வர் தட்டுக்கு ‘மீள்தட்டு’ என்று பெயர் வந்திருந்தது. நாய்த்தீனி விற்கும் கடைகளில் அதே மாதிரித் தட்டுகளை எடை பார்த்து, முத்திரை குத்தி விற்றார்கள். யேசுதியான் அதைத் துணியில் பொதிந்து இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். தான் கைதவறிப் போட்ட தட்டைக் காக்க இப்போது சங்கம் தனியாக ஆள் வைத்திருப்பதாகவும், தன்னைத் தட்டின் பக்கமே விடுவதில்லை என்றும், இன்று மேடத்துக்காகக் கெஞ்சி வாங்கி வந்ததாகவும் சொன்னார்.

சபாபதியின் மனைவிதான் அதிகம் பேசினார். “வருசம் பூரா தட்டப் போட்டு நாய்ங்களப் பழக்கற வேலைதானுங்க. வீட்ல நெளியாத தட்டு ஒண்ணு இல்ல. இட்லித் தட்டக்கூட விட்டு வைக்கல. பக்கத்து வீட்டுக்காரங்க, தெனமும் புருசன் பொண்டாட்டி சண்டைன்னு நெனச்சுட்டாங்க.”

வளையத்துக்கு வெளியே பயிற்சி நடுவர்கள் ஒரு வரிசையாக நின்றார்கள். அம்சவேணி அவர்களை அறிவாள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அந்த வருடம் முழுவதும் சங்கம் அவளை ஊர் ஊராக அழைத்துப் போயிருந்தது. பட்டையைக் கட்டிக்கொண்டு மேடையில் நிற்பாள், யாராவது தட்டைப் போடுவார்கள், அவள் துள்ளி மீள்வதைத் திரையில் காட்டுவார்கள். முதல் ஊரில் நிஜமாகவே துள்ளினாள். மூன்றாவது ஊரில் தோள் மட்டும் அசைந்தது. அதன் பிறகு அவள் கோட்டைப் பதிவிலிருந்து போட்டுக் காட்டிவிட்டு, அவளைப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். எப்போது மறுபடி உள்ளே எல்லாம் நேராகிப்போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. தங்கையின் மகளிடம் பேசியும் நாளாகிவிட்டது.

இந்த வருடம் ஜெசிந்தாவுக்கு மட்டும் பயிற்சித் தட்டு இல்லை. ஏன் பழக்கவில்லை என்று அம்சவேணி கேட்டதற்கு, பழக்கினா அது பயமா மேடம் என்று திருப்பிக் கேட்டாள். ஆனால் அவள் முகம் வெளுத்திருந்தது.

புதிய விதிப்படி தட்டை நடுவர்தான் போட வேண்டும். அம்சவேணி வரிசையின் முன் நின்று தட்டைத் தூக்கினாள். விட்டாள்.

நாய்கள் ஒன்றுபோல் பின்னால் துள்ளின, ஒரே தொலைவு. ஒன்றுபோல் கழுத்தை நீட்டித் திரும்பி வந்தன. வளையத்துக்கு வெளியே பயிற்சி நடுவர்களும் ஒன்றுபோல் துள்ளி நிமிர்ந்தார்கள். திரையில் கோடுகள் சீப்புப் பற்கள் போல எழும்பி அடங்கின. இரண்டு கோடுகள் மட்டும் நேராகக் கிடந்தன. ஒன்று அவளுடையது. மற்றது மிளகினுடையது.

மிளகு தட்டைத் திரும்பியே பார்க்கவில்லை. தட்டு அவள் கையில் உயர்ந்ததிலிருந்தே அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. போன வருடம் தன்னோடு சேர்ந்து துள்ளிய முகம். தட்டு சுழன்று, ஓலமிட்டு, அடங்கி ஓய்ந்தது. பெள்ளிராஜ் உதட்டைப் பிதுக்கினார். ஜெசிந்தா கண்களை மூடிக்கொண்டாள். மிளகு இன்னும் அம்சவேணியின் முகத்தில் எதையோ தேடியது. அங்கே எதுவும் வரவில்லை.

அப்போதுதான் அது துள்ளியது. காதுகள் படிய, வால் தளர, இரண்டு அடி பின்னால் பாய்ந்து நின்றது. சத்தம் ஓய்ந்து எல்லாம் அமைதியான பிறகு.

அம்சவேணிக்குப் புரிந்தது. இது தட்டுக்கு அஞ்சவில்லை. என்னைப் பார்த்து அஞ்சுகிறது.

மிளகு அங்கேயே நிற்கவில்லை. தாழ்ந்த தலையோடு ஓரடி ஓரடியாக வந்தது. மந்தையிலிருந்து விலகி நிற்கும் ஒன்றைச் சுற்றுவதுபோல அவளை ஒரு சுற்றுச் சுற்றி, தொங்கிக்கொண்டிருந்த அவள் கையின் உள்ளங்கையில் ஈரமூக்கை வைத்து அழுத்தியது.

“கொஞ்சம் தாமதம்தான்,” என்று பெள்ளிராஜ் திரையைப் பார்த்தபடி சொன்னார். “ஆனா மேல போய்த் திரும்பி வந்துருச்சு. அளவுக்குள்ளதான் இருக்கு. தகுதி.” கைதட்டினார்கள். ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து அழுதாள். இது எதற்கு அப்படிப் பயந்தது என்று அவளோ வேறு யாருமோ கேட்கவில்லை.

அம்சவேணி முழந்தாளிட்டு மிளகின் பிடரிக்குள் கையை வைத்தாள். இதயம் இன்னும் அடங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தன் மணிக்கட்டின் பட்டையில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதை அவள் பார்க்கவில்லை.

பயிற்சி நடுவர்களில் ஒருத்தி வேலியின்மேல் சாய்ந்து, மரியாதையோடு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“மேடம், அது வந்து மூக்கை வச்சது வலது கையிலயா, இடது கையிலயா?”