நான்கு நொடி இரைச்சல்

அவளுடைய செருப்புச் சத்தத்தை அவன் கடைசியாகக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். பள்ளி விடுமுறை. வரவேற்பறையில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்த மனைவிக்குச் சிவப்பு மை தீர்ந்துபோயிற்று. அவன் மேசையில் ஒரு பேனா கிடப்பது நினைவுக்கு வந்து, வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பு சரட் சரட்டென்று தரையைத் தேய்க்க, வேலை அறைக்குள் வந்தாள். இசைத்தட்டின் மேல் ஊசி அப்போதுதான் இறங்கியிருந்தது. அவன் திரும்பாமலே கையை உயர்த்தினான். எடுத்து வைத்த காலோடு அவள் அப்படியே நின்றாள். அடக்கிப் பார்த்து, முடியாமல், ஒரு முறை இருமினாள். பேனாவை எடுக்காமலே திரும்பி நடந்தாள்.

கதவுக்கு வெளியே போன பிறகுதான், "சரி சரி, மூச்சுகூட விடல," என்றாள்.

பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்வது அவன் தொழில். "துவைச்சுக் காயப்போட்டாச்சா?" என்று கேட்டுத்தான் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவாள். பதிலுக்கு அவன் அவளை டீச்சர் என்பான். இருபத்தாறு வருடம் கணக்குப் பாடம் நடத்திய குரல். வீட்டின் எந்த மூலையிலிருந்து பேசினாலும் எழுத்து எழுத்தாக வந்து சேரும்.

அன்று சுழன்றது அறுபதுகளின் கடைசியில் வந்த ஒரு ராக் ஆல்பம். நான்கு பேர் குழு. அட்டையில் தண்ணீர் வற்றிய நீச்சல்குளம், அதன் அடியில் விரித்து வைத்த ஒரு குடை. கல்யாணமான வருடம் இருவரும் அதை ஒரு பழைய சாமான் கடையில் கண்டெடுத்து, ஒற்றை அறை வாடகை வீட்டில் தேயத் தேயக் கேட்டார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல் உண்டு. ஊசி அங்கே வந்ததும் 'டக்' என்று துள்ளும். அதே கணத்தில் அவளும் நாக்கால் 'டக்' என்பாள். பிறகு பல வருடம் அது பரணில் கிடந்தது. மூல நாடா ஈரத்தில் பாழாகிவிட்டது, ரீமாஸ்டர் செய்து மறுபடி வெளியிட நல்ல பிரதி ஒன்று தேடுகிறோம் என்று ஒரு கம்பெனி எழுதியபோதுதான் அவன் அதைக் கீழே இறக்கினான். உறையிலிருந்து உருவும்போது நனைந்து காய்ந்த அட்டையின் வாசனை வந்தது.

இரைச்சலை எடுக்கும் மென்பொருளுக்கு முதலில் எது இரைச்சல் என்று காட்டிக்கொடுக்க வேண்டும். பாட்டு தொடங்குமுன் ஊசி வெறுமனே ஓடும் நான்கு நொடிகளைக் குறித்துக் கொடுத்தால், இதுபோன்றதெல்லாம் வேண்டாதது என்று புரிந்துகொண்டு, ஆல்பம் முழுவதும் தேடித் தேடி எடுத்துவிடும். அன்று மாலை அந்த நான்கு நொடிகளைத் திரையில் பெரிதாக்கினான். சில சிறு மேடுகளும் நடுவே ஒரு முள்ளும் தெரிந்தன. அவளுடைய காலடிகள். அவளுடைய இருமல். தரை அதிர்ந்து, மேசை அதிர்ந்து, ஊசிக்குப் போயிருக்கிறது. இன்னொரு முறை தட்டை ஓட்டியிருக்கலாம். ஆனால் ஊசி படும்போதெல்லாம் தட்டு தேயும். அரிய தட்டை ஒரே ஒரு முறைதான் ஓட்டுவது என்பது அவன் வைத்திருந்த விதி. தவிர, பசித்தது. இதுவும் சத்தம்தானே என்று நினைத்தான். நான்கு நொடிகளையும் சேர்த்துக் குறித்துப் பொத்தானை அழுத்தினான்.

வியாழக்கிழமை மதியம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்து கேட்டார்கள். முன்பெல்லாம் அந்த ஆர்கன் எங்கோ பெய்யும் மழைக்குப் பின்னாலிருந்து எழுந்து வருவதுபோல இருக்கும். இப்போது மழை இல்லை, டிரம்மர் சரிந்து உட்காரும்போது இருக்கையின் தோல் நெரிவதும், கிட்டார் கம்பியில் நகம் உரசிப் போகும் கீச்சும், வரி தொடங்குமுன் பாடகனின் உதடுகள் பிரியும் ஈரச் சத்தமும் அறைக்குள் தனித்தனியே வந்து நின்றன. அவனுக்குக் கண் கலங்கியது. அரை வாழ்க்கை கேட்ட ஒன்றை இன்றுதான் கேட்கிறோம் என்று தோன்றியது.

"டக் எங்க?" என்றாள் அவள்.

"எடுத்தாச்சு."

"அத ஏன் எடுத்தீங்க? அது நம்மளோடது."

"நம்ம கீறலக் கொடுத்தா கம்பெனிக்காரன் வாங்கிப்பானா டீச்சர்?"

"என்னமோ போங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா யார் வீட்டு ரெக்கார்டோ மாதிரி இருக்கு."

எழுந்து தேநீர் வைக்கப் போனாள். அவன் தற்செயலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ரப்பர் செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டுதான் போனது. குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் கேட்டது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்ப்பது கேட்டது. செருப்பு கேட்கவில்லை.

மறுநாள் கோப்புகளைக் கம்பெனிக்கு அனுப்பினான். சனிக்கிழமை அவள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமியதை எதிரில் இருந்து பார்த்தான். தோள்கள் குலுங்கின, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. அவளிடம் சொல்லாமல் காது மருத்துவரிடம் போய் உட்கார்ந்தான்.

"உங்க வயசுக்கு இது தங்கக் காது சார்," என்று சிரித்தார் அந்த மருத்துவர் அம்மாள். "கொசு கொட்டாவி விட்டாலும் கேக்கும்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவரிடம் வரும் வழியெல்லாம் காது மோசம் என்று சொல்லிவிடமாட்டாரா என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் அது அவள் குரலுக்கு வந்தது. முதலில் சொற்களின் கடைசி எழுத்துகள் போயின. பிறகு அடுத்த அறையிலிருந்து பேசுவது போயிற்று. பிறகு பக்கத்தில் நின்று பேசினாலும், சுவருக்கு அப்பால் யாரோ வானொலி கேட்பதுபோல ஒரு முனகல். பிறகு அதுவும் இல்லை. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த மருத்துவர் எல்லாம் ஒழுங்காக அசைகிறது என்றார். அவள் தங்கை அவனுடைய போனுக்கு அழைத்தாள்.

"மாமா, அக்காவுக்கு என் மேல என்ன கோபம்? போன எடுக்கறா, ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறா. மூச்சுச் சத்தம்கூட இல்ல. உங்களுக்குள்ள எதாவது சண்டையா?"

அவள் அவனுக்கு எதிரில், இன்னும் துண்டிக்காத தன் போனைக் காதில் வைத்தபடி, தங்கையிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

விடுமுறை முடிந்து போன அவளைப் பள்ளியிலிருந்து மதியமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய கேள்வித்தாளின் பின்பக்கம் சிவப்பு மையில் எழுதி அவன் முன்னால் வைத்தாள். நான் சத்தமாத்தான் பேசறேன். எனக்குக் கேக்குதே.

அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. தவறிப்போய்ப் பாட்டையும் சேர்த்து எடுத்துவிட்டோமா என்று பார்ப்பதற்காக, எடுத்ததை மட்டும் தனியே கேட்கலாம். ஒரு மாதம் போன பிறகு, ஒரு புதன்கிழமை மதியம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பொத்தானை அழுத்தினான். பாட்டு போயிற்று. சீறல் மட்டும் மிஞ்சியது, மணல் கொட்டிக்கொண்டே இருப்பதுபோல. மணலுக்குள் ஒரு செருப்பு நடந்தது. சரட். சரட். ஓர் இருமல். அதற்குப் பின்னால் போனில் தங்கையிடம் அவள் மன்றாடியது, வகுப்பில் யாருக்கும் கேட்காமல் நடத்திய பின்னப் பாடம், படுக்கையில் அவன் முதுகுக்குப் பின்னால் அழுதது. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு சொல்கூடக் குறையாமல்.

"ஏங்க," என்றது சீறல். "என்ன அப்படிக் கேக்கறீங்க? இங்க பாருங்க."

திரும்பினான். கதவருகில் அவள் நின்றிருந்தாள். உதடுகள் அப்போதுதான் மூடின.

எல்லாவற்றையும் சொன்னான். நான்கு நொடியை, மேடுகளை, பசியை, பொத்தானை. எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். அவன் பேசியது அவளுக்குக் கேட்டது. அவள் பேசியது மணலோடு அவன் காதுகளுக்குள் வந்தது.

"வேணும்னேவா பண்ணீங்க?"

"சோம்பேறித்தனம்."

"அது தெரிஞ்ச கதைதானே. தப்பு எந்தப் படியிலன்னு தெரிஞ்சா போதும். அங்கேருந்து திரும்பப் போடலாம். பிள்ளைங்களுக்கு இதத்தானே சொல்றேன்."

திரும்பப் போட உட்கார்ந்தான். சுத்தம் செய்யாமல் வைத்திருந்த முதல் பதிவைத் திறந்தான். நான்கு நொடிகளும் நேர்கோடு. தட்டையே மறுபடி ஓட்டினான், விதியை மறந்து, ஏழு முறை. ஊசி இறங்குவதே கேட்கவில்லை. கீறல் இருந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினான். கறுப்பு, வழவழவென்று, யார் கையும் படாததுபோல மின்னியது. அவள் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கை மேலண்ணத்தில் வைத்து எடுத்தாள். ஹெட்போன் மேசையில் கிடந்தது.

கம்பெனி மேலாளரை அழைத்தான்.

"நிறுத்தறதா? வெள்ளிக்கிழமை கடைக்குப் போகுது சார். தட்டு அடிச்சு, அட்டை போட்டு, லாரியும் கிளம்பியாச்சு. என்ன குறை? கேட்டு நாங்க அசந்துபோயிட்டோம்."

"அதுலேருந்து ஒண்ணு போயிடுச்சு."

"என்ன போயிடுச்சு?"

மேசையில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தான்.

"இரைச்சல்," என்றான்.

"அத எடுக்கத்தானே சார் உங்களக் கூப்பிட்டோம்."

வெள்ளிக்கிழமை காலை அவள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்தபோது எவர்சில்வர் சத்தம் போடவில்லை. பத்து மணிக்கு மேல் அவள் உட்கார்ந்து எழுந்த மெத்தையில் பள்ளம் விழவில்லை. இருவரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள். அவள் விரிப்பைக் கையால் நீவிவிட்டாள், நீவ ஒன்றும் இல்லாதபோதும்.

இரண்டு மணிக்கு அழைப்பு மணி. அவள்தான் கதவைத் திறந்தாள். தங்கை.

"கதவ திறந்து போட்டுட்டு அங்க என்ன மாமா பண்றீங்க? அக்கா எங்க?"

மனைவி, தங்கைக்கு ஓரடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பேசினாள். கைகளை ஆட்டினாள். தங்கையின் கண்கள் அவள் மேல் நிற்கவில்லை. அவன் பக்கம் திரும்பிய மனைவியின் முகத்தை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை. ஹெட்போன் அடுத்த அறையில் இருந்தது. எழுந்து போயிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தான்.

அவள் பின்னால் நகர்ந்தாள். சுவரோரப் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

தங்கை பையைக் கீழே வைத்தாள்.

"என்ன வெயில்," என்றாள்.

அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தங்கையின் முகம். அதன் மேல் இன்னொரு நெற்றி. தங்கையின் கைகளுக்கு அடியில் வேறு கைகள், கோத்தபடி. ஒரு கண். மூடாமல். அவனையே பார்த்து.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி பாக்கறீங்க?"

தங்கை தண்ணீருக்காக எழுந்தாள்.

பிரம்பு. வெறும் பிரம்பு.

தேடினார்கள். புகார் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் மூன்று முறை வந்து, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். உண்மையைச் சொல்ல அவனிடம் வாக்கியம் இல்லை. தங்கை முதல் மாதம் அழுதாள், இரண்டாம் மாதம் அவனைப் பார்த்த பார்வை மாறியது, மூன்றாம் மாதத்திலிருந்து பேசுவதில்லை. அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆல்பம் நன்றாகப் போகிறது என்று கம்பெனி எழுதியது. பத்திரிகை விமரிசனம் ஒன்றையும் வெட்டி அனுப்பியிருந்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு இந்த இசைக்கும் நமக்கும் நடுவில் ஒருவரும் இல்லை என்று முடிந்திருந்தது.

மதியங்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறான். மணலுக்குள் அவள் வீட்டைப் பெருக்குகிறாள். பாத்திரம் கழுவுகிறாள். ஒவ்வோர் அறையாகக் கதவைத் திறந்து பார்க்கிறாள். தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். கடைசியில் வேலை அறைக்கு வருகிறாள்.

"ஏங்க."

"சொல்லு. கேக்குது. நல்லாக் கேக்குது."

"வாய மட்டும் அசைக்காதீங்க. சத்தமா பேசுங்க."

சத்தமாகப் பேசுகிறான். கத்துகிறான். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

"ஒண்ணும் கேக்கலையே. இருங்க. கிட்ட வரேன்."

நாற்காலி தரையில் இழுபடுகிறது. நிற்கிறது. மறுபடி இழுபடுகிறது. கதவைத் தாண்டி. மேசையைச் சுற்றி. அவன் முழங்காலுக்கு எதிரில். பிரம்பு நெரிகிறது, ஓர் ஆள் கனத்துக்கு. இடது காதருகே மூச்சு. இப்போது அவள் எதுவும் பேசுவதில்லை. அவன் உதடுகளைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

அவன் கண்ணைத் திறக்கிறான்.

நாற்காலி வரவேற்பறையில், சுவரோரம், தங்கை எழுந்துபோன இடத்திலேயே இருக்கிறது.