மூன்றாவது குண்டு

"என் துப்பாக்கியில கை வெச்சுட்டான், மிஸ் ஆல்மா! வேற யாரு, அந்த வெர்லின் பயல்தான்!"

டெல்மர் காம்ப்ஸ் துப்பாக்கியை மேசைமேல் வைத்த வேகத்தில் ஆல்மா டிரெட்வேயின் பீன்ஸ் சூப் தளும்பியது. கென்டக்கி மலைப்பக்கத்தில் வேட்டைக் காவல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் ஆல்மா. திருட்டு வேட்டைக்காரர்கள் இன்னமும் அவர் பெயரைக் கேட்டால் வேறு பக்கம் போய்விடுவார்கள்.

"நிதானமா சொல்லுங்க" என்றார்.

"சங்கத்துச் சுடுற போட்டியில, காலையில ரெண்டு குண்டு, ரெண்டும் நடு வட்டத்துல. சாப்பிட்டு வந்து மூணாவது சுட்டேன். குறித்தாளுலயே படல! குறி பாக்க குழல்மேல இருக்கிற குறிமுள்ளைத் திருகி விட்டிருக்கான்."

"நான் கண்ணால பாத்தேன்" என்று முந்திக்கொண்டான் வெண்டல் ஸ்காக்ஸ். தீனிக்கடை வைத்திருப்பவன், துப்பறிவதென்றால் கடையைப் பூட்டிவிட்டு ஆல்மாவின் பின்னால் கிளம்பிவிடுவான். "சாப்பாட்டு நேரத்துல வெர்லின் இது பக்கத்துலயே நின்னான். அப்படியே ஓடிவந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்ல!"

சொன்னதன் பலன், வேட்டைச் சங்கம் கூடத்துக்குள்ளே கூடிக்கொண்டிருந்தது. வெர்லின் ஸ்டம்பரை நீக்குவதா என்று வாக்கெடுக்கப் போகிறார்கள். நீக்கினால் அந்தப் பள்ளத்தாக்கில் அவனோடு யாரும் வேட்டைக்குப் போகமாட்டார்கள்.

வெர்லினை அழைத்துக் கேட்டார் ஆல்மா.

"தொடல."

"அப்புறம் ஏன் நின்னே?"

அவன் காது சிவந்தது. "அது என் சொந்த விஷயம்." தன் வண்டியை நோக்கி நடந்துவிட்டான்.

"பாத்தீங்களா!" என்றான் வெண்டல் வெற்றியோடு.

ஆல்மா குறிமுள்ளின் திருகாணியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அதன் பள்ளத்தில் பழைய துரு அடைத்துக் கிடந்தது. "இதைத் திருகியிருந்தா துரு உதிர்ந்து உலோகம் பளிச்சுன்னு தெரியணும். ஒருத்தனும் தொடல. வாங்க, புல்லுல தேடுவோம்."

குழலின் வாய் வழியே வெடிமருந்தையும் குண்டையும் இட்டு, நீளமான கோலால் இடித்து இறக்கும் துப்பாக்கி அது. குண்டைப் பிடித்துக்கொள்ள இதழ் இதழாகப் பிளந்த பிளாஸ்டிக் உறை ஒன்று உண்டு; வாயைத் தாண்டியதும் குண்டை விட்டுவிட்டுப் புல்லில் விழும். அன்றைக்கு அதைப் பயன்படுத்தியவர் டெல்மர் ஒருவர்தான். மூன்று உறைகளையும் வெண்டலே பொறுக்கி வந்தான். இரண்டு, பூப்போல ஒரே சீராக விரிந்திருந்தன. மூன்றாவதில் ஓர் இதழ் சிராய்ந்து, அடியோடு கிழிந்திருந்தது.

"டெல்மர், மூணாவது குண்டு கோலுக்குச் சுலபமா இறங்கிச்சா?"

"எங்க? நெஞ்சை வெச்சு அழுத்தினேன்."

"குண்டு முழுசா இறங்கினா கோலுல போட்டிருக்கிற கோடு குழல்வாய்க்கு வரணுமே, வந்துச்சா?"

டெல்மர் தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் மேலதான் நின்னுச்சு... எல்லாரும் வேடிக்கை பாத்துட்டிருந்தாங்க. வெளிய எடுத்தா கேலி பண்ணுவாங்கன்னு சுட்டுட்டேன்."

"அறிவிருக்கா? குண்டு மருந்துமேல உக்காரல. குழல் வெடிச்சிருந்தா மூஞ்சியே போயிருக்கும்!" ஆல்மா பெருமூச்சு விட்டார். "சுட்ட கரி குழலுக்குள்ள படியும். உடனே துடைச்சா வந்துடும். இந்த வறண்ட காத்துல ஒரு சாப்பாட்டு நேரம் விட்டா கெட்டிப்படும். குழல் குறுகும், உறை சிராய்ஞ்சு கிழியும். ஒரு இதழ் போனா குண்டு கோணலாத்தான் போகும். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவுல துடைப்பீங்களே, இன்னைக்கு ஏன் துடைக்கல?"

"துடைச்சாச்சே! 'நீங்க சாப்பிடப் போங்க, நான் பாத்துக்கறேன்'னு வெண்டல்தான் துணியை வாங்கிட்டுப் போனான்."

வெண்டலின் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. விரலில் துணி தட்டுப்பட்டது. மடிப்புக்கூடக் கலையவில்லை. துடைக்கத்தான் போனான், அங்கே வெர்லினைக் கண்டான், ஓடினான். துடைத்தேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் ஆல்மா அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டேன்" என்றான். துணியை எடுத்து நீட்டினான்.

"அடப்பாவி!" என்றார் டெல்மர்.

ஆல்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. மேசைக்குத் திரும்பி மீதி சூப்பைக் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

வெண்டல் தானாகவே வெர்லினின் வண்டிக்கு நடந்தான். முகத்தைப் பார்க்காமல், கதவுப் பிடியைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"அது எங்கப்பா துப்பாக்கி" என்றான் வெர்லின். "அவர் இறந்த வாரமே டெல்மருக்கு வித்துட்டேன். தொட்டுப் பாக்கலாம்னு போனேன். தொடறதுக்கு எனக்கென்ன யோக்கியதைன்னு சும்மா நின்னேன். இதை ஊர்ல சொல்லிக்கவா முடியும்?"

"தப்பு என்னுதுதான், வெர்லின். மன்னிச்சுடுப்பா."

"இங்க தனியா மன்னிப்பு எதுக்கு? நீ என்னைப் பத்தி உள்ள எத்தனை பேர்கிட்ட சொன்னியோ, அத்தனை பேர் முன்னாலயும் போய்ச் சொல்லு. என் அப்பா கதையை மட்டும் விட்டுடு."

வெண்டல் கூடத்துக் கதவைத் தள்ளினான். வாக்களிக்க உயர்ந்திருந்த கைகள் அப்படியே நிற்க, எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பின.

"வா வெண்டல்!" என்றார் தலைவர் சிரித்துக்கொண்டே. "சாட்சி வந்தாச்சு."

"கையை இறக்குங்க" என்றான் வெண்டல்.