தரையில் கால் வைக்காத தம்பி

காலையில் பூமி ஒரே ஒரு முறை குலுங்கியது. சமையலறையில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன, அவ்வளவுதான். பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். ஆனால் தம்பி உருண்டை அதற்குப் பிறகு தரையில் கால் வைக்கவே இல்லை.

உருண்டைக்கு ஐந்து வயது. அம்மாதான் அவனைத் தன் தையல் கடைக்கு இடுப்பில் தூக்கி வந்தாள். துணி வெட்டும் பெரிய மேசையின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கீழ இறங்குடா கண்ணா," என்றாள் அம்மா, மிஷினை நிறுத்தாமல்.

"மாட்டேன். தரை நகருது. அக்காதான் சொன்னா."

அம்மா வாயாடியை ஒரு பார்வை பார்த்தாள். வாயாடி என்பது அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர். ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் கேட்டதையெல்லாம் தம்பியிடம் ஒப்பித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

போன வாரம் அப்படித்தான் ஆரம்பித்தாள். "பூமியோட மேல்பகுதி ஒரே பாறை இல்லடா. பெரிய பெரிய தட்டுங்க. எல்லாம் நகர்ந்துக்கிட்டே இருக்கு."

"சும்மா புளுகாதே!"

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோடு போட்ட துண்டுத் துணி ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழித்தாள்.

"ரெண்டையும் சேர்த்து வை. ஓரம் பொருந்துதா? கோடும் பொருந்துதா? கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு கண்டம், அந்தப் பக்கம் ஒரு கண்டம், ரெண்டும் இப்படித்தான் பொருந்துது. ஒரே மாதிரிப் பாறை ரெண்டு கரையிலும் இருக்கு. ஆத்துல வாழ்ந்த ஒரு குட்டிப் பிராணியோட எலும்பும் ரெண்டு பக்கமும் கிடைச்சிருக்கு. அவ்ளோ பெரிய கடலை அது நீந்தியா போயிருக்கும்? நிலம்தான்டா பிரிஞ்சு போச்சு!"

தம்பி நம்பிவிட்டான். கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டான்.

வாயாடிக்கும் காலையிலிருந்து உள்ளுக்குள் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டே நிமிஷம். தம்பியைப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு அம்மா, தைத்த சட்டையைக் கொடுக்க எதிர்க் கடைக்குப் போனாள்.

அப்போது ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. விளக்கு இப்படியும் அப்படியும் ஆடியது. மேசைக்கு நேர் மேலே, பலகையில் அடுக்கியிருந்த கனமான துணிச் சுருள்கள் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்தன.

"உருண்டை! மேசைக்கு அடியில வா!"

"மாட்டேன்! தரை என்னை இழுத்துக்கிட்டுப் போயிடும்!"

கையைப் பிடித்து இழுத்தாள். அவன் மேசை ஓரத்தை உடும்பாகப் பிடித்துக்கொண்டான். வாயாடிக்கு அவனை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

ஓடவில்லை. மேசையை ஒட்டி நின்றாள்.

"சரிடா, தரையில வைக்காதே. என் கால் மேல உன் காலை வை."

"தரை உன்னை இழுத்துட்டா?"

"என்னை இழுக்க முடியாது. நான் வெயிட்டு. வா!"

அவன் சறுக்கி இறங்கினான். சில்லிட்ட இரண்டு குட்டிப் பாதங்கள் அவள் பாதங்களின் மேல் ஏறின. அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓர் அடி, இன்னும் அரை அடி. குனிந்து மேசைக்கு அடியில் நுழைந்தாள். ஒரு கையால் மேசைக் காலைப் பிடித்தாள்.

தட்! தட்! தடார்! அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் துணிச் சுருள்கள் வந்து விழுந்தன.

"எப்பக்கா நிக்கும்?"

அவளுக்கு எப்படித் தெரியும்? "எண்ணலாம் வா," என்றாள்.

பதினேழு எண்ணியதும் நின்றது. அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்து, இரண்டு பேரையும் வாரி எடுத்துத் திறந்த மைதானத்துக்குக் கூட்டிப் போனாள். தெருவே அங்கே கூடியிருந்தது.

"அக்கா," என்றான் உருண்டை, அம்மாவின் இடுப்பிலிருந்து. "இப்ப நாம எவ்ளோ தூரம் போயிட்டோம்?"

வாயாடி அவன் காலைத் தட்டிக்கொடுத்தாள். "அவ்ளோ தூரமெல்லாம் இல்லடா. தட்டுங்க ஒண்ணோட ஒண்ணு உரசி மாட்டிக்கும். திடீர்னு நழுவும்போதுதான் இந்த ஆட்டம். மத்தபடி நம்ம நகம் வளர்ற வேகத்துலதான் நகரும்."

உருண்டை தன் கட்டைவிரல் நகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு அம்மாவின் இடுப்பிலிருந்து தானாகவே இறங்கி, புல்லில் நின்றான்.

"அம்மா," என்றான், "எதுக்கும் எனக்கு இன்னிக்கே நகம் வெட்டி விட்டுடு."